பேட்டரி முனை மட்டும் சூடாகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மின்சார ஸ்கூட்டர், 60 வோல்ட். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஐந்தும் தொடராக இணைந்தவை. சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. மேம்பாலம் ஏறினால் திடீரென்று இழுவை குறைந்து, சில நேரம் அப்படியே அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் மறுபடி உயிர் வருகிறது.

பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்றார் மெக்கானிக். மனசு கேட்கவில்லை. மச்சானை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பின்னால் உட்கார்ந்து மல்டிமீட்டரில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன் (தெருவே வேடிக்கை பார்த்தது). மூன்றாவது, நான்காவது பேட்டரிக்கு நடுவில் மட்டும் 0.6 வோல்ட் இறங்குகிறது, மற்றவற்றில் 0.05-ஐத் தாண்டவில்லை. 30 ஆம்பியர் போனால் அந்த ஒரு மூட்டிலேயே 18 வாட் சூடு! லக் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) நிறம் மாறி, ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது.

எம்சிபியை (பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, வாசலின் தடவி முடுக்கினேன். இரண்டு வாரம் சரி. அப்புறம் பழைய கதைதான்.

பேட்டரி முனை ஈயம், மெத்தென்று இருப்பதால் ரொம்ப முடுக்கவும் பயம். ஸ்பிரிங் வாஷர் போட்டால் நிற்குமா? லக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்வதா (வயரில் நசுக்கிப் பொருத்துவது), வயரையே மாற்றுவதா? வாசலினை முடுக்குவதற்கு முன்பே தடவியது தப்போ என்றும் ஒரு சந்தேகம். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.