எம்.ஐ.சி.க்குத் தமிழ்: 'ஒடுக்கச் செறிவு' சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் சந்தையில் விற்கும் இசிபாஹா என்ற மருந்து மரத்துப் பட்டையின் நுண்ணுயிர்த் தடுப்பாற்றலைச் சோதிக்க, மாணவர் கையேடு ஒன்று தயாராகிறது. எம்.ஐ.சி.க்கு, அதாவது நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த செறிவுக்கு, 'சிறும ஒடுக்கச் செறிவு' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

---

ஐயா, வேண்டாம். வேதியியலில் ஆக்சிசனேற்றத்துக்கு நேர்மாறான வினைக்கு 'ஒடுக்கம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்தச் சோதனையில் அந்த வினையும் சோதனைத் தட்டின் அதே குழிக்குள்தான் நடக்கிறது.

பிரிட்டோரியாவில் ஆய்வாளர் எலோஃப் 1998இல் வெளியிட்ட முறையைப் பாருங்கள். 96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் நீர். மி.லி.க்கு 10 மி.கி. உள்ள அசிட்டோன் சாற்றில் 100 மைக்ரோலிட்டரை முதற்குழியில் விட்டுக் கலக்கி, பாதியை அடுத்த குழிக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு எல்லாக் குழியிலும் 100 மைக்ரோலிட்டர் பாக்டீரியா வளர்மம் (பாக்டீரியா பெருகிய நீர்மம்). இப்போது செறிவு மி.லி.க்கு 2.5, 1.25, 0.63 மி.கி. என்று இறங்கும். 37 பாகையில் ஓரிரவு வைத்து, மி.லி.க்கு 0.2 மி.கி. உள்ள ஐ.என்.டி. சாயம் 40 மைக்ரோலிட்டர் விடுகிறோம். உயிருள்ள பாக்டீரியா சாயத்தை ஒடுக்கும், குழி சிவக்கும். சிவக்காத குழிகளில் செறிவு மிகக் குறைந்தது எதுவோ அதுவே விடை. உங்கள் சொல்லை வைத்தால், ஒடுக்கம் நடக்காத குழியை 'ஒடுக்கக் குழி' என்று எழுத நேரும்.

பாலிபீனால் மிகுந்த சாறு பாக்டீரியா இல்லாமலே சாயத்தை ஒடுக்கிவிடுவதும் உண்டு. சாறும் வளர்ப்பு ஊடகமும் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். அது சிவந்தால் அந்தச் சாற்றுக்கு நிறத்தை நம்பக் கூடாது. அசிட்டோனுக்கும் தனி வரிசை வேண்டும், முதற்குழியில் கால் பங்கு அதுதானே.

'சிறுமத் தடைச்செறிவு' என்று வைக்கலாம்.

---

'தடை' என்றதும் மின்தடை நினைவுக்கு வருமே, அம்மா. 'எதிர்ப்புச் செறிவு' என்றால்?

---

மருந்துக்கு மசியாத பாக்டீரியாவின் குணத்தையும் 'எதிர்ப்பு' என்றுதான் சொல்கிறோம். அந்தக் குழப்பம் இதே பாடத்துக்குள் வரும். மின்தடை வேறு பாடம், இங்கே இடறாது.

எம்.பி.சி.க்கு, அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மிகக் குறைந்த செறிவுக்கு, 'சிறுமக் கொல்செறிவு'. தெளிந்த குழியில் பாக்டீரியா செத்திருக்கவும் கூடும், வளராமல் நின்றிருக்கவும் கூடும். சாயம் விடுவதற்கு முன்பே அதில் 10 மைக்ரோலிட்டர் எடுத்துப் புதிய அகாரில் தடவ வேண்டும். மறுநாள் தாராளமாக முளைத்தால் அது தடைதான், கொலையல்ல.

---

ஏற்கிறேன். அட்டவணைத் தலைப்பு 'தடைச்செறிவு, மி.கி./மி.லி.' ஆகிறது. 'ஒடுக்கம்' சாயத்தைப் பற்றிய வரியில் மட்டும் இருக்கும்.