மறு: துடிமீன் தேடலில் ‘டிஸ்பர்ஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> டிஸ்பர்ஷனுக்குச் ‘சிதறல்’ போதும். புழக்கத்தில் உள்ள சொல்தானே.

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. துடிமீன் (பல்சர்) என்பது வேகமாகச் சுழன்று சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன்; சில மில்லிநொடிக்கு ஒருமுறை சுற்றுவது மில்லிநொடித் துடிமீன். அதன் தேடலில் சிதறல் (ஸ்கேட்டரிங்) என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது.

விண்மீன்களுக்கு இடையே உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளைத் தாமதப்படுத்துகின்றன. அதிர்வெண் குறையக் குறையத் தாமதம் கூடும். இதுதான் டிஸ்பர்ஷன். 1982-இல் அரசிபோ தொலைநோக்கியில் கண்டுபிடித்த முதல் மில்லிநொடித் துடிமீன் நொடிக்கு 642 முறை சுற்றுகிறது. அதன் ஒரு துடிப்பு 410 மெகாஹெர்ட்சில் வந்து சேர்ந்து, ஏறத்தாழ 89 மில்லிநொடி கழித்துத்தான் 400 மெகாஹெர்ட்சில் வரும். அதற்குள் அந்த விண்மீன் ஐம்பது தடவைக்கு மேல் சுற்றிவிடும்! இதைச் சரிசெய்யாமல் எல்லா அதிர்வெண்களையும் கூட்டினால் துடிப்பே தெரியாது. அதனால் அலைப்பட்டையைக் குறுகிய தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் தாமதத்துக்கு ஏற்ப நகர்த்திக் கூட்டுகிறார்கள்; இதுவே டீடிஸ்பர்ஷன். புதிதாகத் தேடும்போது வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்பது (இதன் அளவுதான் டிஸ்பர்ஷன் மெஷர்) முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஏராளமான மதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஃபூரியே மாற்றம் (தரவில் ஒளிந்திருக்கும் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு) செய்து சீரான துடிப்பு தட்டுப்படுகிறதா என்று தேட வேண்டும். தேடலின் பெரும்பாடு இதுதான்; இதற்குத் தெளிவான பெயர் கட்டாயம் வேண்டும்.

சிதறல் அப்படியல்ல. அலை பல பாதைகளில் வளைந்து வருவதால் துடிப்பின் பின்னால் வால் நீளும். தடங்களை நகர்த்தினாலும் அது போகாது. உயர் அதிர்வெண்ணில் பார்த்தால்தான் குறையும்.

என் பரிந்துரை ‘அலைப்பிரிகை’. பள்ளிப் பாடத்தில் ‘நிறப்பிரிகை’ எல்லோரும் படித்ததுதான். அதிர்வெண்ணைப் பொறுத்து வேகம் மாறுவதே அங்கும் காரணம். ரேடியோவில் நிறம் இல்லாததால் அலை என்று மாற்றினேன். வெறும் ‘பிரிகை’ என்றால் வேதியியலின் டிசோசியேஷனோடு மோதும். டீடிஸ்பர்ஷன் ‘அலைப்பிரிகை நீக்கம்’, டிஸ்பர்ஷன் மெஷர் ‘அலைப்பிரிகை அளவு’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

அப்புறம், கோஹிரண்ட் டீடிஸ்பர்ஷன். கோஹிரண்டுக்கு ‘ஓரியல்’ பாடநூல் சொல்தான். ஆனால் இங்கே அலையின் கட்டத்தை (ஃபேஸ்) இழக்காமல், திறனாக மாற்றும் முன்பே மூல மின்னழுத்தத் தரவைத் திருத்துகிறார்கள். ‘கட்டம் காக்கும் அலைப்பிரிகை நீக்கம்’ என்றால் செய்முறையே பெயரில் வந்துவிடும். இந்தத் தரவைக் கையாண்டவர்கள் இரண்டில் எது பொருந்தும் என்று சொல்லுங்கள்.