மூன்று அணி சமமானால் கணக்கு எப்படி? யாராவது விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பாலுக்குப் புதுசு. பிட்ச் கிளாக் (பந்தை எறிய பிட்சருக்குத் தரும் நேரக் கெடு) பிடிபட்டுவிட்டது: பேஸ் காலியென்றால் 15 நொடி, ரன்னர் நின்றால் 18. (நம்ம டெஸ்ட் பவுலர்களுக்கும் இதை மாட்டிவிடலாம்!) குழப்பமெல்லாம் சீசன் கடைசியில்தான்.

2024-இல் அமெரிக்காவின் MLB லீக்கில் மெட்ஸ், பிரேவ்ஸ், அரிசோனா என்ற மூன்று அணிகளுக்குமே 89 வெற்றி, 73 தோல்வி. புயலால் தள்ளிப்போன இரட்டை ஆட்டத்தில் ஆளுக்கொன்று ஜெயித்து மெட்ஸும் பிரேவ்ஸும் பிளேஆஃப் சுற்றுக்குள் போக, அரிசோனா வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியேறியது. முன்பென்றால் சமநிலையைத் தீர்க்க, சீசனின் 162 ஆட்டத்துக்கு மேல் 163-ஆவது ஆட்டம் வைப்பார்கள். 2022 முதல் அது கிடையாது. நேருக்கு நேர் மோதிய கணக்குதான் என்கிறார்கள். இரண்டு அணியென்றால் சரி, மூன்று சமமானால் எதை முதலில் பார்ப்பார்கள்? அதுவும் சமமானால்? தெரிந்தவர்கள் ஒரு உதாரணத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.