தட்டிப் பார்த்த சத்தம்

வெள்ளைக்கல்:

பானை வாங்கப் போனால் விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். பிறகு முப்பது வருடம் பார்த்த வேலையும் அதேதான். சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட் தாதுவை, 1,500 டிகிரிக்கு மேல் சுட்டு, எஃகு உலைகளின் உட்சுவருக்குக் கல் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கணீர் என்றால் லாரிக்கு, டொப் என்றால் குப்பைமேட்டுக்கு. ஆகவே போன தை மாதம் ஏற்காட்டுத் தேவாலயம் ஒன்றில் நான் செய்த காரியத்துக்கு என்னை மட்டும் குறை சொல்ல முடியாது.

பேத்திதான் கூட்டிப்போனாள். செராமிக் கண்காட்சி என்றாள். கழுவுதொட்டியும் குளியலறை ஓடும் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, காப்பிப் பழம் உலரும் களங்களைத் தாண்டிப் போனால், கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகச் சின்னதொரு கோயில். பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடுப்பாதையில் வாசலிலிருந்து பீடம்வரை தரையிலேயே கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் விரற்கடை அளவு தண்ணீர். கதவு வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

பீடத்துக்குப் பக்கத்துச் சன்னலடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜாடி. விறகுச் சூளையில் சுட்டது. மேல்பூச்சு எதுவும் பூசவில்லை. விறகுச் சாம்பல் நெருப்போடு பறந்து வந்து மண்ணின் மேல் படிந்து, 1,300 டிகிரியை நெருங்கும்போது தானாக உருகிக் கண்ணாடியாகிவிடும். நெருப்பு மோதிய பக்கம் தேன் வழிந்து உறைந்ததுபோல் பச்சையும் பழுப்பும். மறுபக்கம் வறண்ட செம்மண். எங்கள் ஆலையில் சாம்பல் ஒட்டினால் அது பழுது. இங்கே அதற்காகத்தான் மூன்று நாள் கண்விழித்து விறகு போடுகிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் தன்பாட்டுக்கு மடங்கியது. தட்டிவிட்டேன்.

வெளியே தட்டியிருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. அந்தக் கூரைக்குக் கீழே பறை அறைந்ததுபோல் ஆயிற்று. பீடத்தருகே முழங்காலிட்டிருந்த பாட்டி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பேத்தி என்னை யாரென்றே தெரியாதவள்போல் கூரையைப் பார்த்தாள்.

ஜாடி செய்த பெண் வந்தார். நகக்கண்களில் மண். திட்டுவார் என்று நின்றால், "எப்படி இருக்கிறது ஐயா?" என்றார்.

"சத்தத்தில் கார்வை இல்லையே அம்மா. அடியில் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது."

அவர் சிரித்தபடி, என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி ஜாடியைச் சாய்த்தார். கைப்பேசி வெளிச்சத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு, இரண்டு அங்குலம். சூளையை ஒருநாள் முன்னதாகத் திறந்துவிட்டாராம். ஆறும்போது 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று சுருங்கும். அங்கே அவசரப்பட்டால் தீர்ந்தது. சிலிக்கா கல் சுட்ட நாட்களில் நானும் அந்த எண்ணிடம் அடி வாங்கியவன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

"இதை ஏன் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்?" என்றேன்.

"மற்ற இடங்களில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தட்டிப் பார்க்க ஆள் வரும் என்று தெரியாது" என்றார்.

ஏற்காட்டுக்காரி:

ஐயா, அந்தப் பாட்டி என் மாமியார். சிலுவை போட்டது பயத்தில் அல்ல, கோபத்தில். பத்து நாளாக நடுப்பாதையில் நடக்க முடியாமல் சுவரோரமாகவே போய்ப் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கினார். ஞாயிறு மறையுரையில் சாமியார் எரேமியா 18ஆம் அதிகாரத்தை எடுத்து, குயவன் கையில் கெட்டுப்போன கலம் மறுபடி வேறு கலமானதை விளக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் மாமியார் கேட்ட கேள்வி: "பச்சை மண்ணென்றால் பிசையலாம். சுட்ட பிறகு எப்படிப் பிசைவாராம்?" சாமியாரிடம் போய்க் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

கடைசி நாளில் நானூறு ரூபாய் கொடுத்து மாமியாரே ஒரு கிண்ணம் வாங்கிவந்தார். அதில் இப்போது புளி ஊறுகிறது.

கடலோடி:

கப்பலில் வேலை பார்த்த காலத்தில், ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் பால்மா பேராலயத்தைப் பார்த்தேன். அந்தத் தீவிலேயே பிறந்த மிக்கெல் பார்செலோ, அங்குள்ள நற்கருணைச் சிற்றாலயத்தின் சுவரைச் சுட்ட மண்ணால் போர்த்தியிருக்கிறார்; 2007இல் திறந்தார்கள், ஏறக்குறைய 300 சதுர மீட்டர். அப்பமும் மீனும் பெருகிய புதுமைதான் கரு. சுவரிலிருந்து மீன் தலைகள் துருத்திக்கொண்டு நிற்கும். மண் வெடித்த கோடுகளை அப்படியே விட்டிருக்கிறார், கோடைகாலத்து ஏரிபோல. வெள்ளைக்கல் ஐயா அங்கே போனால் காவலாளி கையைப் பிடித்துக்கொள்வார்.

வெள்ளைக்கல்:

கையைக் கட்டிக்கொண்டே போகிறேன். ஏற்காட்டு அம்மா, அந்தப் புளிக் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தா வாங்கினார்கள்?

ஏற்காட்டுக்காரி:

பதினெட்டுக் கிண்ணங்களைத் தட்டிவிட்டுத்தான் ஒன்றை எடுத்தார்.