குளோன் செய்த விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) எல்லாம் ஒரே ஐபி வாங்குகின்றன

வணக்கம். காரைக்குடியில் பழைய செட்டிவீட்டின் இரண்டாம் கட்டில் லினக்ஸ் வகுப்பு நடத்துகிறோம். விஎம்களை ஓட்டுவது பிராக்ஸ்மாக்ஸ் 8; நகலெடுக்கும் மூலம் (டெம்ப்ளேட்) உபுண்டு சர்வர் 22.04. போன வாரம் முதல், அதிலிருந்து எடுக்கும் ஃபுல் குளோன்கள் (முழு நகல்கள்) எல்லாம் ஒரே ஐபியை வாங்கி முட்டிக்கொள்கின்றன. ஒன்று எழுந்தால் மற்றதில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் இணைப்பு) தொங்கிவிடுகிறது.

மேக் முகவரி ஒவ்வொன்றுக்கும் வேறுதான், பார்த்துவிட்டேன். ரவுட்டரில் லீஸை (ஐபி ஒதுக்கீட்டுப் பதிவை) அழித்தேன். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ புதிதாக்கினேன். அப்புறம் மெஷின்-ஐடி (ஒவ்வொரு லினக்ஸ் கணினிக்கும் உரிய தனி அடையாளம்) கோப்பைக் காலி செய்து, ரீபூட் போட்டு, ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்த பிறகே டெம்ப்ளேட் ஆக்கினேன். ஆனாலும் எல்லாக் குளோனிலும் ஒரே ஐடி. குளோனுக்குள் போய்க் கையால் மாற்றினால் ஐபி மாறுகிறது; வகுப்பு நேரத்தில் அது ஆகாத வேலை.

குளோன் முதல்முறை எழும்போது தானே புது ஐடி எடுக்க, டெம்ப்ளேட்டில் கடைசியாக எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?