வெளிநாட்டு மாணவர்களோடு செல்ஃபி எடுத்தாயிற்று, அப்புறம் என்ன பேசுவது?

புதுவயல்காரன்:
காரைக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலை படிக்கிறேன். இந்த வருடம் எங்கள் வகுப்பில் தான்சானியாவிலிருந்து இரண்டு பையன்கள், மியான்மரிலிருந்து ஒரு பெண். முதல் வாரம் ஆளாளுக்கு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம், அதோடு சரி. கலைவிழாவில் வேட்டி, சேலை கட்டவைத்து மேடையேற்றிக் கைதட்டினார்கள்; மறுநாள் கேண்டீனில் மூன்று பேரும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு இங்கிலீஷ் பேசக் கூச்சம், அவர்களுக்கு என்னவென்று தெரியவில்லை. நண்பன் தன் வீட்டில் நடக்கும் பிள்ளையார் நோன்புக்கு (நகரத்தார் வீட்டுப் பண்டிகை) அவர்களைக் கூட்டிவரச் சொல்கிறான். கூப்பிடலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

நாட்டரசன்கோட்டை ஆச்சி:
தாராளமாகக் கூப்பிடுங்கள் தம்பி, ஆனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன வருடம் என் மகனோடு படிக்கும் கென்யா பையன் வந்திருந்தான். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், இருபத்தொரு நூலைத் திரித்த இழையை மாவில் வைத்துக் கொளுத்தி, எரிய எரிய வாயில் போட்டுக்கொள்வோம் இல்லையா, அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஐயா சுடரோடு நீட்டினார். அவன் பிறந்தநாள் மெழுகுவர்த்தி என்று நினைத்து ஃபூ என்று ஊதிவிட்டான்! வீடே கப்சிப். அப்பத்தாதான் முதலில் சிரித்தார்கள், வேறு ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தார்கள். இழையை வெளியாட்களுக்குக் கொடுக்காத வீடுகளும் உண்டு, நண்பனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் எது ஆகும், எது ஆகாது என்பதையும்.

ஜெர்மனியில் படித்தவன்:
நானும் ஜெர்மனியில் படித்த காலத்தில் அப்படித் தனியாக உட்கார்ந்தவன்தான். பண்டிகைக்குக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர். வாடா, உருளைக்கிழங்கு வாங்கப் போகலாம் என்றவன் ஒருத்தன்தான், இன்றைக்கும் நண்பனாக இருப்பவன் அவன்தான். விருந்தாளியாகவே வைத்திருந்தால் அவர்களும் விருந்தாளி மாதிரி சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சந்தைக்குக் கூட்டிப்போங்கள், பை தூக்கச் சொல்லுங்கள், புராஜெக்ட்டில் கலந்து குழு போடுங்கள். உங்கள் இங்கிலீஷில் பிழை இருந்தால் இருக்கட்டுமே, தான்சானியாக்காரர்களுக்கும் அது தாய்மொழி இல்லை, வீட்டில் பேசுவது பெரும்பாலும் சுவாஹிலியாக இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: நோன்பு முடிந்து இரவு வீட்டில் தங்கவைத்தால், வெளிநாட்டவர் தங்கியிருக்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசிடம் பதிய வேண்டும். அந்த வேலை வேண்டாமென்றால் விடுதியில் விட்டுவிடுங்கள்.

தேக்குத்தூண்:
மியான்மர் பெண்ணிடம் பேச விஷயமா இல்லை? நம் கவுனி அரிசி (கறுப்பாக, ஒட்டும் பதத்தில் இருக்குமே, அதுதான்) அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் ஊரில் காலையில் அவித்துத் தேங்காய்த் துருவலோடு சாப்பிடுவார்கள். ஆனால் நம் செட்டியார் பாட்டன்கள் பர்மாவுக்கு (இன்றைய மியான்மர்) வட்டித் தொழிலுக்காகக் கொண்டுவிக்கப் போன பெருமையை மட்டும் அளந்துவிடாதீர்கள். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் நம் ஆட்கள் கைக்கு வந்துவிட்டது. நம் வீடுகளில் நாம் நிமிர்ந்து பார்க்கிற பர்மா தேக்குத் தூணை அந்தப் பெண் வேறு கணக்கில் பார்க்கலாம். அவர் சொல்வதைக் கேளுங்கள், நமக்கும் தெரிய வேண்டிய கதை.

புதுவயல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மேசையில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் இது சப்பாத்தி என்றேன். தெரியும், எங்கள் ஊரிலும் அது சப்பாத்திதான், டீக்குப் பெயர் சாய் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கவுனி அரிசி எங்கே கிடைக்கும் என்று இரண்டு தடவை கேட்டார். சந்தைக்கு மூன்று பேருமே வருகிறார்களாம், என்னிடம் இருப்பதோ ஒரு எக்ஸ்எல் மொபெட். கல்லூரிப் பக்கமிருந்து டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள்.