பேஸ்பால் வீரர் பரிமாற்றங்கள்: மோசமானது எது என்பதை எந்த அளவுகோலால் சொல்வது?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஹூஸ்டனுக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேஸ்பால் ஆட்டங்களை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது இரண்டு ஆண்டுகளாகத்தான். இங்குள்ள அரங்கத்துக்கு வெளியே ஜெஃப் பாக்வெல்லின் சிலை நிற்கிறது. சென்ற மாதம் அதன் அருகே நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், "இருபத்திரண்டு இன்னிங்ஸ் கொடுத்து இவரை வாங்கினோம்" என்றார். அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

1990 ஆகஸ்ட் மாத இறுதியில், பட்டப் போட்டியில் முன்னணியில் இருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குக் கடைசி இன்னிங்ஸ்களில் பந்துவீச ஓர் ஆள் தேவைப்பட்டது. ஹூஸ்டனிடமிருந்து 37 வயதான லாரி ஆண்டர்சனைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக நியூ பிரிட்டனில் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகில் ஆடிக்கொண்டிருந்த 22 வயது பாக்வெல்லைக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் பாஸ்டனுக்காக 15 ஆட்டங்களில் 22 இன்னிங்ஸ் வீசினார், நன்றாகவே வீசினார். அந்தக் குளிர்காலத்திலேயே ஒப்பந்தம் முடிந்து சான் டியாகோவுக்குப் போய்விட்டார். பாக்வெல் ஹூஸ்டனுக்காகவே 15 ஆண்டுகள் ஆடி, 449 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள்) அடித்து, 1994-இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்று, 2017-இல் பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

இதைப் பலரும் வரலாற்றின் மிக மோசமான பரிமாற்றங்களுள் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் பாஸ்டன் அந்த ஆண்டு தன் பிரிவில் டொராண்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி முதலிடம் பெற்றதையும் பார்க்கிறேன். அப்படியானால் ஒரு பரிமாற்றத்தை அதைச் செய்த நாளில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டு மதிப்பிட வேண்டுமா, அல்லது இருபது ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தவற்றைக் கொண்டா? நீண்ட காலமாக இந்த ஆட்டத்தைப் பின்தொடரும் நண்பர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

நல்ல கேள்வி. என்னைப் பொறுத்தவரை செய்த நாளில் தெரிந்திருந்ததுதான் முதல் அளவுகோல். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தெரிந்துகொண்டிருக்கக் கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டார்களா என்பது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், எல்லோரும் முதலில் எடுக்கும் லூ பிராக் பரிமாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

1964 ஜூன் 15 அன்று சிகாகோ கப்ஸ் அணி பிராக் உள்ளிட்ட மூவரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்து, எர்னி பிரோலியோ உள்ளிட்ட மூவரைப் பெற்றது. பிரோலியோ 1960-இல் 21 வெற்றிகளும் 1963-இல் 18 வெற்றிகளும் பெற்றிருந்த பந்துவீச்சாளர் (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பந்துவீச்சாளர் ஒருவரின் கணக்கில் எழுதப்படும்). பிராக் அந்தப் பருவத்தில் 0.251 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புகளுக்கு 251 ஹிட்டுகள், அதாவது அடித்துத் தளம் சேர்ந்தவை) தடுமாறிக்கொண்டிருந்தார். ஆகவே அன்று சிகாகோவில் இதைக் கொண்டாடியவர்களே அதிகம், அவர்களை மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கப்ஸ் செய்த தவறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, தங்களிடமே இருந்த வீரரை அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. பிராக்கின் செல்வம் அவருடைய கால்கள். செயின்ட் லூயிஸில் மேலாளர் ஜானி கீன், தோன்றும்போதெல்லாம் அடுத்த தளத்துக்கு ஓடலாம் என்று அவருக்கு அனுமதி கொடுத்தார். அந்தப் பருவத்தின் எஞ்சிய நாட்களில் அதே மனிதர் 0.348 சராசரியில் அடித்தார். கார்டினல்ஸ் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் லீக் பட்டத்தை வென்று, இரண்டு பெரிய லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் யாங்கீஸை ஏழு ஆட்டங்களில் வீழ்த்தியது. பின்னாளில் 938 தளங்களைத் திருடி (பந்து அடிக்கப்படாதபோதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது), 3,023 ஹிட்டுகளுடன் பிராக் ஓய்வு பெற்றார். இரண்டாவது, தாங்கள் வாங்கும் கையை அவர்கள் சோதிக்கவில்லை. பிரோலியோவின் முழங்கையில் ஏற்கெனவே வலி இருந்தது, அதே ஆண்டின் பிற்பகுதியில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கப்ஸுக்காக அவர் ஆடிய இரண்டரைப் பருவங்களில் 7 வெற்றி, 19 தோல்வி.

எனக்கு மனம் வலிக்கும் இடம் வேறு. இந்தப் பரிமாற்றத்தை நடத்திய கார்டினல்ஸ் பொது மேலாளர் பிங் டிவைன், அணி பட்டம் வெல்வதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்ட் மாதத்திலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிரோலியோவோ, நேர்மையாக உழைத்த ஒரு நல்ல பந்துவீச்சாளர், வாழ்நாள் முழுவதும் தன் பெயரைப் பிறருடைய ஏமாளித்தனத்துக்கு உவமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மிச்சிகன்காரர் எழுதியது:

பழைய ஸ்கோர்கார்டு ஐயா சொன்ன அளவுகோலை ஏற்றுக்கொண்டு, அதே அளவுகோலால் நான் ஒரு பரிமாற்றத்தைக் காப்பாற்ற விரும்புகிறேன். டெட்ராய்ட் டைகர்ஸ் 1987 ஆகஸ்ட் 12 அன்று ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்து டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. மோசமான பரிமாற்றங்களின் எந்தப் பட்டியலிலும் இது முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிடுகிறது. அது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

அலெக்சாண்டர் என்ன செய்தார் என்று பாருங்கள். டெட்ராய்ட்டுக்காக 11 ஆட்டங்களில் தொடக்கப் பந்துவீச்சாளராக இறங்கினார். அந்தப் பதினொன்றிலும் அணி வென்றது. அவர் கணக்கில் 9 வெற்றி, தோல்வி ஒன்றுகூட இல்லை, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.53. பருவத்தின் கடைசி வாரத்துக்கு முந்தைய ஞாயிறன்று டொராண்டோவில், தோற்றால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில், பத்து இன்னிங்ஸையும் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸிலும் அவர்தான் வீசிக்கொண்டிருந்தார். டெட்ராய்ட் 13 இன்னிங்ஸில் 3-2 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து, கடைசி வார இறுதியின் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அதே டொராண்டோவை மறுபடியும் அவரே 4-3 என்று வீழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க் டனானா 1-0 என்று முடித்துவைத்தார். இறுதிக் கணக்கு டெட்ராய்ட் 98 வெற்றி, டொராண்டோ 96. அலெக்சாண்டர் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு வேண்டுமா?

மறுபக்கம், அன்று ஸ்மோல்ட்ஸ் யார்? இருபது வயது, கிளென்ஸ் ஃபால்ஸ் மைனர் லீக் அணியில் 4 வெற்றி, 10 தோல்வி. அவர் பின்னாளில் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் (முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்) பெறுவார் என்று அன்று ஜோசியம் சொல்லியிருக்க முடியுமா? மினசோட்டாவுடனான லீக் இறுதிப் போட்டியில் அலெக்சாண்டர் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார் என்பதை மறைக்கவில்லை. அதன் பிறகு டெட்ராய்ட் 2006 வரை பருவ முடிவின் பட்டச் சுற்றுகளான பிளே-ஆஃபை எட்டிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பத்தொன்பது ஆண்டு வறட்சியை ஒரே ஒரு பையனின் தலையில் சுமத்திக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்மோல்ட்ஸ் மிச்சிகனில் வளர்ந்தவர், டைகர்ஸின் ஜாக் மோரிஸை ஆதர்சமாகக் கொண்டவர். 1991 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், அப்போது மினசோட்டாவில் இருந்த அதே மோரிஸை எதிர்த்து அட்லாண்டாவுக்காக அவர் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீசினார். டெட்ராய்ட் ரசிகன் ஒருவனால் அந்த ஆட்டத்தை இன்றும் அமைதியாகப் பார்க்க முடியாது.

மூன்றாம் தளம் எழுதியது:

பேப் ரூத்தின் பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லை; எடுப்பதற்கு முன் ஒரு திருத்தம். 1919 டிசம்பரில் முடிவாகி 1920 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்த ஏற்பாடு பரிமாற்றமே அல்ல, விற்பனை. பாஸ்டன் உரிமையாளர் ஹாரி ஃபிரேஸீ 1,00,000 டாலருக்கு ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார். கூடவே ஃபென்வே பார்க் அரங்கின் மேல் 3,00,000 டாலர் கடனும் பேசப்பட்டது. விற்கப்படுவதற்கு முந்தைய பருவத்திலேயே ரூத் 29 ஹோம் ரன்கள் அடித்துச் சாதனை படைத்திருந்தார். ஆகவே அன்று தெரியவில்லை என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அடுத்த ஆண்டே 54. பாஸ்டன் அதற்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸை வென்றது 2004-இல்.

அந்த 2004 வெற்றியிலும் ஒரு பரிமாற்றம் இருக்கிறது. 1997 ஜூலை 31 அன்று, பாஸ்டனில் திணறிக்கொண்டிருந்த ஹீத்கிளிஃப் ஸ்லோகம்ப் என்ற ஒரே பந்துவீச்சாளரைச் சியாட்டிலுக்குக் கொடுத்து டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் இருவரையும் பெற்றார்கள். 2004-இல் பிளே-ஆஃபின் மூன்று சுற்றுகளையும் முடித்துவைத்த மூன்று வெற்றிகளும் லோவின் கணக்கில் எழுதப்பட்டவை. பந்தைப் பிடிக்கும் இடத்தில் அணியின் தூணாக இருந்தவர் வாரிடெக். பாக்வெல்லைக் கொடுத்த அதே அணி ஏழே ஆண்டுகளில் செய்ததும் இதுதான் என்பதை ஹூஸ்டன் நண்பர் குறித்துக்கொள்ளலாம்.

ஏழாம் இன்னிங்ஸ் எழுதியது:

தேவை, அறியாமை இவை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு: வீரர்மேல் நிர்வாகத்துக்கு இருக்கும் மனக்கசப்பு. என் பார்வையில் மன்னிக்க முடியாத பரிமாற்றங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

1965 டிசம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி ஃபிராங்க் ராபின்சனைப் பால்டிமோருக்குக் கொடுத்து மில்ட் பாப்பஸ், ஜாக் பால்ட்ஷுன், டிக் சிம்ப்சன் ஆகியோரைப் பெற்றது. ராபின்சனுக்கு அப்போது முப்பது வயது. முப்பதானாலும் அவர் இளமையான முப்பது அல்ல என்ற பொருளில் உரிமையாளர் பில் டிவிட் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அடுத்த பருவத்தில் அந்த இளமையற்ற மனிதர் 0.316 சராசரி, 49 ஹோம் ரன், 122 ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) என்று மூன்றிலும் லீகில் முதலிடம் பிடித்தார், மிகச் சிறந்த வீரர் விருதை இரண்டு லீகுகளிலும் பெற்ற முதல் வீரரானார். பால்டிமோர் டாட்ஜர்ஸை நான்கு நேர் ஆட்டங்களில் வென்று வேர்ல்ட் சீரிஸைக் கைப்பற்றியது.

அந்த ஆண்டு மே 8 அன்று, கிளீவ்லாந்தின் லூயிஸ் டியாண்ட் வீசிய பந்தை ராபின்சன் பால்டிமோர் மெமோரியல் அரங்கத்துக்கே வெளியே அடித்து அனுப்பினார். அந்த அரங்கின் வரலாற்றில் அப்படி முழுவதுமாக வெளியே போன பந்து அது ஒன்றுதான். பந்து சுவரைக் கடந்த இடத்தில் "இங்கே" என்ற ஒரே சொல் பொறித்த கொடியை ஏற்றினார்கள்; அணி அந்த அரங்கை விட்டு வெளியேறும் வரை அது பறந்துகொண்டிருந்தது.

1972-இல் கார்டினல்ஸ் பந்துவீச்சாளர் ஸ்டீவ் கார்ல்டனை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியதும் சம்பளத் தகராறில் எழுந்த கோபத்தால்தான். அந்த ஆண்டு மொத்தமே 59 ஆட்டங்கள் வென்ற ஃபிலடெல்ஃபியா அணியில் அவர் ஒருவர் மட்டும் 27 வென்றார்.

இருவரும் பயனடைந்த பரிமாற்றங்களும் உண்டு, ஆனால் அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1990 டிசம்பரில் டொராண்டோ, ஃபிரெட் மெக்ரிஃப், டோனி ஃபெர்னாண்டஸ் இருவரையும் சான் டியாகோவுக்குக் கொடுத்து ராபர்டோ அலோமார், ஜோ கார்ட்டர் இருவரையும் பெற்றது. நால்வருமே நட்சத்திரங்கள். டொராண்டோ 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. இரண்டாவதை முடித்துவைத்தது கார்ட்டரின் ஹோம் ரன்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது பாக்வெல் விஷயத்தை வேறு விதமாகப் பார்க்கிறேன். பாஸ்டனுக்கு அந்தத் தேவை உண்மையானது. ஆண்டர்சனும் குறை வைக்கவில்லை. ஆனால் பாக்வெல் அந்த ஆண்டு தான் ஆடிய மைனர் லீகான ஈஸ்டர்ன் லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர். ஸ்மோல்ட்ஸைப் போல அடையாளம் தெரியாதவராக இருக்கவில்லை. மூன்றாவது தளத்தில் வேட் பாக்ஸ் இருந்ததால் இடமில்லை என்று கருதியிருக்கிறார்கள். ஹூஸ்டன் அவரை முதல் தளத்துக்கு மாற்றியே ஆடவைத்தது. அந்த யோசனை பாஸ்டனில் யாருக்கும் வராமற்போனதுதான் தவறு என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு ஐயம். இத்தனை கணக்கிலும் அணிகளின் இலாப நட்டம் மட்டுமே வருகிறது. வீரரிடம் யாராவது கேட்டார்களா?

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

கேட்டதில்லை; கேட்க வேண்டிய கட்டாயமும் இருந்ததில்லை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. பன்னிரண்டு பருவங்கள் ஒரே அணியில் ஆடியவர், ஏழு முறை சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருது பெற்ற நடுக்கள ஆட்டக்காரர். ஒருநாள் அதிகாலைத் தொலைபேசி அழைப்பில் அவருக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவர் போக மறுத்தார். தன் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்று டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவீ கூனுக்குக் கடிதம் எழுதி, பிறகு வழக்கும் தொடுத்தார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது. விசாரணையில், நிறத் தடையை உடைத்த முன்னாள் வீரர் ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றம் 1972 ஜூனில் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆனால் அவர் தட்டிய கதவு அடுத்த ஆண்டே கொஞ்சம் திறந்தது. பத்து ஆண்டுகள் ஆடி, அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்த வீரரை அவருடைய சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதி 1973-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதை முதலில் பயன்படுத்தியவர் கப்ஸின் ரான் சாண்டோ. அவரைக் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் அதே சிகாகோவின் மறுபக்கத்தில் இருந்த வைட் சாக்ஸுக்குத்தான் அவரைக் கொடுக்க வேண்டியதாயிற்று.